ஓவசியர் ருசி பார்த்த மருந்து

வட்டக்கச்சியில் காணி கிடைத்து நாங்கள் குடியேறிய சில வருடங்களில், எங்கள் வயல்களுக்குப் பின்னால் புது வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். அந்த வேலையை மேற்பார்க்க ஓர் ஓவசியர் வந்தார். முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, வெள்ளைத் தொப்பி, கையில் பிரம்பு. நடக்கும்போது மண்ணுக்கே உத்தரவு போடுகிறவர்போல நடப்பார். தொப்பிக்குள் தலை இருந்தது உண்மை. தலைக்குள் என்ன இருந்தது என்பதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

வாய்க்கால் போகும் வழியில் பாறை கிடந்தது. அதை உடைக்க, மெழுகுதாளில் சுற்றிய வெடிமருந்துக் குச்சிகள் பெட்டி பெட்டியாக லொறியில் வந்தன. ஓவசியர் அவற்றை ஒரு கிடுகுக் கொட்டிலில் அடுக்குவித்தார். கதவுமில்லை, வேலியுமில்லை. மாரி மழையில் கொட்டில் ஒழுகிப் பெட்டிகள் ஊறிப்போயின. ஊறிய மருந்து வெடிக்காதாம். அதனால் வாய்க்கால் கரையிலேயே கொட்டச் சொல்லிவிட்டார். தாள் கிழிந்து மருந்து கரைந்து, புல்லின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது.

உப்பென்றால் மாடு விடுமா?

வண்டி மாடுகள் போக, எங்களிடம் ஒரு சிவத்தப் பசுவும் இன்னும் கன்று போடாத ஒரு நாகும் நின்றன. பசு கன்று போட்டு அதிக நாளில்லை. ஒருநாள் காலை இரண்டும் கரைப்பக்கம் மேயப் போயின. மத்தியானம் பசு கள்ளுக் குடித்தவன்போலத் தள்ளாடிக்கொண்டு வந்தது. மூச்சு இரைத்தது. வாயைத் திறந்து பார்த்தேன். நாவற்பழம் தின்ற வாய்போல நாக்குக் கறுத்திருந்தது. முற்றத்தில் விழுந்தது; எழும்பவில்லை. கன்று வந்து மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பின்னால் வந்த நாகு நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது.

என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் பறந்தார். நல்ல காலம், மிருக வைத்தியர் அங்கே நின்றார். உடனே ஜீப்பில் வந்தார். செத்த பசுவை அறுத்துப் பார்த்தபோது இரத்தம் சிவப்பாக இல்லை. கோப்பி நிறம்.

“உது எதையோ நக்கியிருக்கு. என்னத்தை நக்கினது அம்மா?” என்று கேட்டுக்கொண்டே நாகுக்கு நீல மருந்தொன்றை ஊசியில் ஏற்றினார். நாகின் மூச்சுத் தணிந்த பிறகு அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஓவசியர் பிரம்போடு நின்றார்.

“ஐயா, உங்கட வெடிமருந்தை நக்கித்தான் எங்கட மாடு செத்தது” என்றேன்.

“விசர்க் கதை கதையாதையுங்கோ. நெருப்பு வைச்சால்தான் உது வெடி. வைக்காட்டி வெறும் உப்பு. மாட்டைப் பாம்பு கடிச்சிருக்கும்.”

“பாம்பு கடிச்சால் இரத்தம் கோப்பி மாதிரி வராது” என்றார் வைத்தியர். “இந்த உப்பு உள்ளுக்குப் போனால் இரத்தம் காத்தைச் சுமக்காது. மாடு மூச்சு எடுக்க எடுக்கவே மூச்சில்லாமல் சாகும்.”

ஓவசியருக்குக் கோபம் ஏறியது. “மலைநாட்டில ரோட்டுப் போட்ட காலத்தில இருந்து நான் உதோடதான் சீவிக்கிறன். இப்ப பாருங்கோ!” என்று ஒரு குச்சியின் தாளை உரித்து, விரலால் தேய்த்தார்.

“வேண்டாம், கையைக் கழுவுங்கோ” என்று வைத்தியர் கத்தினார்.

ஓவசியர் விரலை நக்கினார். போதாதென்று இன்னொருமுறையும் நக்கினார். “இனிக்குது!” என்று எங்கள் எல்லோரையும் வெற்றியோடு பார்த்தார்.

அந்த வெற்றி கொஞ்ச நேரந்தான். முகம் செக்கச்செவேலென்று சிவந்தது. தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி சேற்றில் குந்தினார், பிறகு சரிந்தார். வைத்தியர் அவரைக் கிடத்திக் காலை உயர்த்திப் பிடித்தார். “மாட்டைக் கொன்ற உப்போட உதுக்குள்ள இன்னொரு மருந்தும் இருக்கு. அது இரத்தக் குழாயை விரிச்சுப்போடும். தலை வெடிக்கிற மாதிரி இடிக்கும்” என்றார்.

குச்சிகளைத் தூக்கி அடுக்கும் கூலியாள் ஒருவர் பக்கத்தில் நின்றார். “எங்களுக்கு ஒவ்வொரு நாளும் உந்தத் தலையிடிதான். சொன்னால் வேலைக் கள்ளர் எண்டு ஏசுவார்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. பசு முற்றத்தில் கிடக்கும்போது சிரிக்கலாமா என்று அடக்கிக்கொண்டேன். ஜீப் கரைச் சேற்றில் இறங்காது என்பதால் எங்கள் மாட்டுவண்டியிலேயே ஓவசியரை ஏற்றி அனுப்பினோம்.

மறுநாள் வேலைக்கு வந்தவர், “நேற்று வெயில் தலையில அடிச்சுப்போட்டுது” என்று எல்லோருக்கும் சொன்னார். முதல்நாள் வானம் முழுக்க மப்பு.

வைத்தியர் மேலிடத்துக்குச் சொன்னதால் பெட்டிகளை லொறி வந்து ஏற்றிப்போனது. கொட்டிய இடத்து மண்ணைச் சுரண்டிப் புதைத்தார்கள். ஓவசியர் எங்கள் வீட்டுப் படலைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. நாகு பிழைத்தது. மருந்தின் வேலையால் அதன் மூத்திரம் நீலப்பச்சையாகப் போனதைப் பார்க்க அயலவர்கள் வந்து போனார்கள். கன்றுக்கு அடுத்த வளவுக்காரரின் பசுப்பாலைப் பருக்கி வளர்த்தோம்.

வாய்க்காலில் தண்ணீர் திறந்த அன்று ஓவசியருக்கு மாலை போட்டார்கள். பேச வந்த பெரிய மனிதர், “ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல் வேலையை முடித்த கெட்டிக்காரர்” என்று புகழ்ந்தார். கூட்டம் கைதட்டியது. என் கணவர் மரியாதைக்காகக் கையைத் தூக்கினார். அந்தக் கையைப் பிடித்து இறக்கி, கூட்டம் முடியும்வரை விடாமல் வைத்திருந்தேன்.