மாமரக் கட்டையில் பூத்த மஞ்சள் காளான்

வேலணையில் எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடுகள். ஆட்கள் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான், அம்மாவும் நானும். மற்ற வீட்டுக்காரரைப் போல அப்பாவும் வெளிநாட்டில். தொலைபேசியில் வரும் குரலாகவே அவரை எனக்குத் தெரியும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். மாரிமழை விட்ட ஒரு காலை, பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டு வளவுக்குள், வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டால் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா நுழைந்தார். அங்கே உக்கிப்போன மாமரக் கட்டை முழுக்க மஞ்சள் காளான் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"சின்னனில இதைக் கறிவைச்சு, எல்லாரும் சுத்தியிருந்து சாப்பிடுறனாங்கள்."

நஞ்சில்லையா என்று கேட்டேன்.

"நிலத்தில முளைக்கிறதுதான் நஞ்சு. மரத்தில முளைக்கிறது ஒண்டும் செய்யாது, பிள்ளை."

ஆனாலும் எனக்கு முட்டைதான் பொரித்துத் தந்தார். "இண்டைக்கு நான் சாப்பிட்டுப் பாக்கிறன். ஒண்டும் செய்யாட்டி, நாளைக்கு உனக்கு." தேங்காய்ப்பால் மணக்கும் கறியைப் பார்த்தபடி நான் கோபித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்சம் கைக்கிறது என்றார். ஆனால் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

பின்னேரம் அம்மாவுக்குச் சத்தி தொடங்கியது; சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. கிணற்றடியில் குந்தியவரால் எழும்ப முடியவில்லை. நான் ஒழுங்கையில் ஓடி ஒவ்வொரு கேற்றாகத் தட்டினேன். உள்ளே எவரும் இல்லையென்று தெரிந்துதான் தட்டினேன். பெரிய ரோட்டில் கைகாட்டிய பிறகே ஓர் ஓட்டோ நின்றது.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் சேலைன் ஏற்றினார்கள்.

"மரத்தில முளைக்கிறதிலயும் நஞ்சுக் காளான் இருக்கு. மகள் சாப்பிடாதது நல்லதாப் போச்சு," என்றார் டொக்டர். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

"ராவைக்குத் துணைக்கு நிக்க வீட்டில ஆர் இருக்கினம்?" என்று நேர்ஸ் கேட்டார்.

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எல்லாரும் இருக்கினம். வருவினம்."

வாசல்வரை போய்விட்ட டொக்டரின் பின்னால் ஓடினேன்.

"நஞ்சு அம்மான்ர தலைக்கு ஏறிட்டுது டொக்டர். இல்லாத ஆக்களை இருக்கினம் எண்டு சொல்லுறா."

டொக்டர் சிரிக்கவில்லை. நேர்ஸ் ஒரு கதிரையைக் கொண்டுவந்து, அம்மாவின் கட்டிலோடு ஒட்டிப்போட்டு என்னை இருத்தினார். அந்த நஞ்சு எப்போது இறங்கும் என்று, சொட்டுச் சொட்டாக விழும் சேலைனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.