காணிக்காரர் யார் என்று கேட்டேன்

மூன்று மாதமாகக் காணி வாங்குவது எப்படி என்ற வகுப்புக்குப் போகும் நான், இன்று முதல் தடவையாக ஒரு காணி பார்க்கப் போனேன். வாவிப் பக்கம், பத்துப் பேர்ச் அளவு நிலம்.

"ஒரு வில்லங்கமும் இல்ல தங்கச்சி, ஐயாட சொந்தக் காணி. இண்டைக்கே அட்வான்ஸ் குடுங்க" என்றார் தரகர்.

வகுப்பெடுக்கும் ஷர்மிளா என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் சொன்னது ஞாபகம் வந்தது: "முதல்ல வீட்டில எத்தின பொம்புளப் புள்ளயள் எண்டு கேளுங்க அக்கா. நம்மட பக்கம் காணி அவங்களுக்குத்தான் போகும்."

கேட்டேன். தரகர் சிரித்தார். வீட்டு வாசலில் நின்ற ஐயா சிரிக்கவில்லை.

"ஒரு மகள்தான். கலியாணத்துக்கு இதச் சீதனமா எழுதிக் குடுத்த. ஆனா நான்தானே பாக்கிறன்?"

காணி உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு மகள் வெளியே வந்தார்.

"இதுவரைக்கும் வந்த ஒருத்தரும் என்னைக் கேக்கல்ல அக்கா. விக்கிறன், ஆனா உங்களுக்குத்தான்."

நாளைக்கு நாங்கள் இருவரும் உறுதி எழுத நொத்தாரிசிடம் போகிறோம்!

பஸ் ஏறும்போது தரகர் ஓடி வந்தார். "தங்கச்சி, அந்த வகுப்பில ஆம்பிளயளையும் சேர்ப்பாங்களா?"

சேர்க்கச் சொல்லலாமா? இல்லை, முதலில் அவர் வீட்டுக்காணி யார் பேரில் என்று கேட்கட்டுமா?