கண்ணாடியில் வைத்த பொட்டு

பத்தொன்பது வருடம் நான் தலையில் பூ வைக்காமல்தான் வேலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், தீபாவளிக்கு மறுநாளும் அப்படித்தான். காரணம் தேயிலை. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் அதை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அதனால் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், குச்சி பொறுக்கும் காம்பரா என்கிற அறைக்குள் பூ கூடாது, சந்தனம் கூடாது, வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டும் வரக் கூடாது. நான் நெற்றியில் திருநீறும் ஒரு குங்குமப் பொட்டும் மட்டும் வைத்துக்கொண்டு போவேன்.

"ஒங்க சாமிக்கு மட்டும் எப்படி மதினி வாசமே இல்ல?" என்று என் எதிரில் உட்கார்ந்திருப்பவள் கேலி பண்ணுவாள்.

அவள் எனக்குச் சொந்தத்தில் மதினி இல்லை. மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற வேதக்காரப் பெண், கிறிஸ்தவள். அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியதில் நாங்கள் இரண்டு பேரும் மதினிகள் ஆகிவிட்டோம்.

நாங்கள் ஒன்பது பெண்கள். காய்ந்து சலித்து வந்த தேயிலையை நீள மேசையில் பரப்புவார்கள். கறுப்புத் தூளுக்குள் சிவப்பாகக் குச்சியும் நாரும் கிடக்கும். அதைப் பொறுக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கண்ணும் விரலும் அதைப் பார்த்துக்கொள்ளும், வாய் சும்மா இருக்குமா? யார் வீட்டுப் பிள்ளை கொழும்புக்குப் போனது, யார் பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்தது, எந்தக் கோயிலில் எப்போது தேர், எல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகும். ஜன்னலுக்கு வெளியே பனி ஏறி வந்து மரத்தையெல்லாம் மூடும், பிறகு இறங்கிப் போகும். மாதா கோயில் திருநாளுக்கு நாங்கள் எல்லோரும் போவோம், எங்கள் அம்மன் திருவிழாவுக்கு மதினி பால்குடத்துக்குப் பின்னால் நடந்து வருவாள். கடவுள் புண்ணியத்தில் எனக்கு வாழ்க்கையில் நிறைய நல்லது கிடைத்திருக்கிறது. அதில் அந்த மேசையையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

பிறகு மெசின் வந்தது.

டீமேக்கர் ஐயா சிங்களவர், ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. எங்களோடு தமிழில்தான் பேசுவார். ஒரு நாள் எங்களை நிற்க வைத்து விசயத்தைச் சொன்னார். நம்முடைய தேயிலையை வாங்குகிறவர்கள் அரபு நாட்டுக்காரர்களும் துருக்கிக்காரர்களும். அவர்கள் இப்போது குச்சி ஒன்றுகூட இல்லாமல் கேட்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சுத்தமான தேயிலை குறைந்த விலைக்குப் போகிறது. கையால் பொறுக்கிக்கொண்டிருந்தால் நம் சரக்கை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் நிறம் பார்த்துப் பிரிக்கிற மெசின் வருகிறது.

"ஒம்போது பேர் வேணாம். ரெண்டு பேர் போதும். ஒரு மாசம் பார்த்து நான் எடுப்பேன். மத்தவங்களுக்கு வேலை போகாது, மலைக்குப் போகலாம்" என்றார்.

மலை என்றால் கொழுந்து பறிப்பது. மற்றவர்களுக்கு அது கஷ்டம் மட்டும்தான். எனக்கு அது முடியாத காரியம். முன்னே ஒரு மழைக் காலத்தில் கானில், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், வழுக்கி விழுந்து என் வலது முட்டி போனது. சமதரையில் நடப்பேன், ஏற்றத்தில் நான்கு அடி வைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். என் முட்டியைப் பார்த்துத்தான் என்னை ஸ்டோரிலேயே வைத்திருந்தார்கள். அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தியாக இருந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே அம்மனிடம் சொல்லிவிட்டேன். மதினிக்கும் அந்த இடம் தேவைதான். அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி, கூப்பிட்ட நேரத்துக்கு ஓடிப் போகிற தூரத்தில் அவள் இருக்க வேண்டும்.

மெசின் குன்னூரிலிருந்து கப்பலில் வந்தது. அதைப் பொருத்திப் பூட்டுவதற்கு அந்தப் பக்கத்துத் தம்பி ஒருவரும் வந்தார். அவர் பேச ஆரம்பித்ததும் நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"ஏனுங்க அக்கா, எதுக்குச் சிரிக்கிறீங்க? நீங்க பேசறது எங்க ஊர்ப் பேச்சாட்டமே இருக்குதுங்களே!"

"எங்க பாட்டன் பூட்டன் அந்தப் பக்கத்துலயிருந்துதான வந்தாங்க தம்பி. அவங்க கப்பல்ல வந்தாங்க, இப்ப அவங்க பேத்திக வேலைய எடுக்க மெசினும் கப்பல்லயே வந்துருச்சு" என்றாள் மதினி. தம்பி முகம் சிறுத்துப் போனது. "சும்மா சொன்னேன், டீயக் குடிங்க" என்று அவளே கோப்பையை நீட்டினாள்.

தம்பி எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். மேலிருந்து தேயிலை வரிசையாகச் சரிந்து விழும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். குச்சியைக் கண்டால் காற்று 'டப்'பென்று அடித்து ஒதுக்கிவிடும். எங்கள் ஒன்பது பேரின் ஒரு நாள் வேலையை அது காலைத் தேநீருக்குள் முடித்துவிட்டது. பொறாமைப்படவும் முடியவில்லை, அவ்வளவு அழகாகப் பிரித்தது. ஒரு வாரம் பழக்கிவிட்டுத் தம்பி ஹட்டன் பக்கத்தில் இன்னொரு ஸ்டோருக்கு மெசின் பூட்டப் போனார்.

அந்த மாதத்தில்தான் ஆயுத பூசை வந்தது. வழக்கம்போல இலை அரைக்கிற மெசின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரத்தை வெளி முற்றத்தில் காட்டினார் பூசாரி. புது மெசின் இருந்தது எங்கள் காம்பராவுக்குள். வாசனை எதுவும் கூடாத இடம் என்பதால் அங்கே யாரும் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. கடல் தாண்டி வந்தது, முதல் ஆயுத பூசை, அதற்கு மட்டும் ஒன்றும் இல்லையா? என் பிழைப்பும் அதன் கையில்தானே இருக்கிறது?

மறுநாள் காலையில் கண்ணாடி துடைக்கிற முறை என்னுடையது. பேர் கொடுக்கிற பெரட்டு முடிந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன். யோசித்துத்தான் செய்தேன். சந்தனம் வாசம் பிடிக்கும், வேண்டாம். குங்குமத்தை மட்டும் தண்ணீரில் குழைத்துச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுபோயிருந்தேன். கதவைத் திறந்து, நீளக் கண்ணாடியைத் துடைத்தேன். இரும்பும் வயருமாக இருந்த அந்த மெசினில் முகம் மாதிரி இருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். அதில் மூன்று பொட்டு வைத்தேன். கும்பிட்டுக் கதவை மூடினேன். தேயிலைக்கு வாசம் படாமல் பூசை செய்துவிட்டோம் என்று எனக்கு ஒரே நிம்மதி. மெசினுக்கு அதுதான் பார்வை என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

அன்றைக்குத் தேயிலையைக் கொட்டுவது மதினியின் முறை. கொஞ்ச நேரத்தில் அவள் குச்சி விழுகிற சாக்கில் கையை விட்டாள்.

"மதினி, இங்க வாங்க. இது குச்சியில்ல, நல்ல தூளு. குச்சிப் பக்கம் வந்து விழுகுது பாருங்க."

கையில் அள்ளிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று முதல் தரத் தேயிலை. மெசினை நிறுத்தினார்கள். டீமேக்கர் ஐயா ஓடி வந்தார்.

"நீ என்ன போட்டே? ஈரத் தூள் போட்டதா?"

"இல்லைங்கய்யா. எப்பவும் போடுறதுதான் போட்டேன்."

"எப்பவும் போட்டா எப்பவும் போல வரணும்தானே?" என்று அவளைச் சத்தம் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "நீ கண்ணாடி ஒருக்கா துடை" என்றார்.

கதவைத் திறந்தேன். மூன்று பொட்டும் காய்ந்து அப்படியே இருந்தன. மேலே தேயிலை விழுகிற வரிசைகளைப் பார்த்தேன், பொட்டு இருக்கிற இடத்தைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. கேமரா குங்குமத்தைக் குச்சி என்று நினைத்து விடாமல் காற்றை அடித்துக்கொண்டிருக்கிறது. குங்குமத்தைத் துடைக்க எந்தச் சுமங்கலிக்குக் கை வரும்? ஆனாலும் துடைத்தேன். துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மெசினைப் போட்டார்கள். சரியாகப் பிரித்தது.

"இப்ப சரி. அப்ப மெசின் பிழை இல்லை" என்றார் ஐயா. மதினி பக்கம் திரும்பி, "உன்னோட பிழை. நாளைக்கு நீ மலைக்குப் போ" என்றார்.

அவள் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். நான் இடுப்புத் துணியை இன்னும் உள்ளே செருகினேன். இடம் எனக்குத்தான் என்று மனசு கணக்குப் போட்டதை மறைக்க மாட்டேன். அம்மனுக்கு வைத்த பொட்டை இடுப்பில் ஒளித்துக்கொண்டு நிற்கிறோமே என்று பட்டதும் துணியை வெளியே எடுத்தேன்.

"ஐயா, அது நாந்தான். கண்ணாடியில பொட்டு வச்சேன்" என்று துணியை விரித்துக் காட்டினேன்.

"மொகத?" என்ன என்று கேட்க அவருக்குச் சிங்களம்தான் வந்தது. "பொட்டு? மெசினுக்கு?"

"ஆயுத பூசைங்கய்யா. வாசம் வரக் கூடாதுன்னு குங்குமம் மட்டும் வச்சேன்."

அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மதினியை மலைக்கு அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது. மதியத்துக்கு மேல் ஹட்டனிலிருந்து வந்த தம்பிதான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க ஊர்லயும் இதே கூத்துத்தானுங்க அக்கா. நான் எத்தனை கண்ணாடியில பொட்டுத் துடைச்சிருக்கேன் தெரியுங்களா?" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவில் தமிழில் எழுதி ஒட்டினார்: 'இங்கே பொட்டு வைக்க வேண்டாம்.' பிறகு மேலே இரும்பில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க எவ்வளவு வேணும்னாலும் வச்சுக்கோங்க" என்றார்.

மாதக் கடைசியில் ஐயா இரண்டு பேரை எடுத்தார். தப்பைக் கையாலேயே முதலில் கண்டுபிடித்தவள் என்று மதினியை எடுத்தார். இன்னொருத்தி சின்ன வயதுப் பெண், நன்றாகப் படித்தவள். என்னிடம், "நீ பொய் சொல்லல்ல. ஆனா எனக்குப் பயம்" என்று மட்டும் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேலே எங்கேயோ துருக்கியில் தேநீர் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது மலைக்குத்தான் போகிறேன். கங்காணி இரக்கப்பட்டு ரோட்டோரத்துத் தேயிலை நிரையைக் கொடுக்கிறார். அங்கேயும் ஏற்றம் இருக்கத்தான் செய்கிறது. கொழுந்து நிறுக்க ஸ்டோர் பக்கம் வரும்போது நின்று காது கொடுப்பேன். 'டப் டப்' என்று காற்றுச் சத்தம் கேட்கும். ஒன்பது பேர் சிரிக்கிற சத்தம் இருந்த இடம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டுக்கு வந்தாள். வந்ததும் என் முட்டியைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

"மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன் மதினி, இந்தக் காலுக்காக. மூணு வாரமா ஏத்துறேன். கொறஞ்சிருக்கா?"

"ஏறுறப்ப கொஞ்சம் பரவாயில்ல. எறங்குறப்பத்தான் உயிர் போகுது."

"அப்ப ஏத்தத்துக்கு மட்டும்தான் கேட்டேன் போல இருக்கு" என்றாள் அவள். "எறக்கத்துக்கு இந்த வாரம் தனியா ஒன்னு ஏத்துறேன்."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எழுந்து போய்த் தேயிலையைக் கொதிக்க வைத்தேன்.