மணியடிக்காத வெள்ளிக்கிழமை

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த இரண்டு வருடமும் எனக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரம்தான் அவளுடைய எசமானி டெலிபோனைத் தொட விடுவாள். மலையகத்தில் றொசல்ல ரயில் ஸ்டேசனுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அப்போது ஒரே போன். அது பலசரக்குக் கடையில் இருந்தது. பெண்டாட்டிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய நாங்களெல்லாம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருப்பவர்கள்கூட எங்களைவிடக் கலகலப்பாக இருப்பார்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மற்ற நாட்களில் தேயிலைத் தொழிற்சாலையில் கரண்ட் வேலை. அது முடிந்தால் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், என் ஒற்றைக் காம்பராவில் யாருடைய ரேடியோவையாவது பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரேடியோ பேசத் தொடங்கியதும் சொந்தக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். காம்பராவில் மறுபடியும் நான் மட்டும்.

ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் அவள் போனில் சொன்னாள்: “இன்னும் ரெண்டு வருஷம் இருக்கியான்னு மேடம் கேக்குறாங்க. அடுத்த வெள்ளிக்கெழம பதில் சொல்லணுமாம். அன்னிக்கு அடிக்கிறேன், நீங்க யோசிச்சு வைங்க.” நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. யோசிக்க என்ன இருக்கிறது? ‘வந்துரு’ என்ற ஒரு சொல்லை வாரம் முழுவதும் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை போன் மணியடிக்கவேயில்லை. எனக்கு மட்டுமல்ல, பெஞ்சில் இருந்த யாருக்கும் வரவில்லை. அங்கே ஏதாவது பெருநாளாக இருக்கும் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். கடை மூடும்வரை இருந்துவிட்டு நடந்தேன். அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு நிமிடம் பேச நேரமில்லாதவளுக்காக நான் எதற்குச் சவரம் செய்துகொண்டு வந்து உட்கார வேண்டும்?

மறுநாள் கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். சாமான் கேட்டு ஹட்டன் டவுனில் மொத்தக் கடைக்குப் பேசியிருக்கிறார். நேற்று அத்தனை தடவை அடித்தும் ஏன் எடுக்கவில்லை என்று அவர்கள் ஏசினார்களாம். போனைத் திறந்தேன். இரண்டு நாளுக்கு முன் விழுந்த இடியில், மணியடிக்க வைக்கும் ஐசியின் முதுகு வெடித்திருந்தது. எட்டுக் கால் வைத்த சின்னக் கறுப்புச் சில்லு. அது செத்தால் இங்கே சத்தம் வராது. பேசவும் கேட்கவும் முடியும், அடிக்கிறவர்களுக்கும் மணி போவதாகவே கேட்கும். அவள் அடித்திருக்கிறாள். நான் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் வேலை செய்த வீட்டுக்கு நாங்கள் போன் அடிக்கக் கூடாது என்பது எசமானியின் கட்டளை. நம்பரும் என்னிடம் இல்லை.

“நிமிசத்துக்கு ஒருக்கா தூக்கித் தூக்கிப் பாத்தா என்னா?” என்றார் கடைக்காரர்.

“நாம தூக்குற நேரம் பாத்து அடிச்சா லைன் பிசின்னு வரும் மொதலாளி.”

ஹட்டனில் அந்த ஐசி கிடைக்கவில்லை. என்னிடம் மழையில் ஊறி நம்பர் அழுத்தும் கட்டைகள் கெட்டுப்போன பழைய போன் ஒன்று கிடந்தது. அதில் அதே சில்லு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கழற்ற உட்கார்ந்தேன்.

இந்தச் சில்லுகளைச் சூட்டில் கொல்வது சுலபம். டிவி அன்டெனா வயருக்குள் இருக்கும் செம்புப் பின்னலை உரித்து, ஈயம் ஒட்டவைக்கும் பேஸ்டில் தோய்த்துக்கொண்டேன். பழைய ஈயம் லேசில் இளகாது. முதலில் அதன்மேல் புது ஈயம் ஒரு பொட்டு. பிறகு பின்னலை வைத்து ஈயம் உருக்கும் அயனால் ஒரு தொடல். உருகிய ஈயத்தைப் பின்னல் குடித்துவிடும். உடனே கையை எடுத்துவிட வேண்டும். அடுத்து பக்கத்துக் காலுக்குப் போகாமல் எதிர்மூலைக் காலுக்குப் போக வேண்டும். அதற்குமுன் சில்லின் முதுகில் விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பொறுத்தால் அதுவும் பொறுக்கும். சுட்டால், ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

கடைசிக் கால் மட்டும் அசையவில்லை. நெம்பியிருந்தால் ஒடிந்திருக்கும். மறுபடி புது ஈயம், மறுபடி ஒரு தொடல், மறுபடி ஆறவிட்டேன். ஊசியால் மெல்லத் தள்ளியதும் சில்லு முழுசாக உள்ளங்கையில் விழுந்தது. சந்தோஷத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். காட்டுவதற்கு ஆள் இல்லை.

அன்றே அதைக் கடைப் போனில் பொருத்தினேன். வெள்ளிக்கிழமை மணி கணீரென்று அடித்தது. பெஞ்சே எழுந்து நின்றது. கடைக்காரர் எனக்கு ஒரு வாழைப்பழம் தந்தார். இரண்டு மூன்று பேர் பேசி முடித்த பிறகு அவளுடைய போன் வந்தது.

“இருக்கீங்களா?”

“இருக்கேன். போன வாரமும் இங்கதான் இருந்தேன். மணி கெட்டுப்போச்சு. நீ வந்துரு.”

“எத்தன தடவ அடிச்சேன் தெரியுங்களா? மணி போய்க்கிட்டே இருந்துச்சு. எடுக்கக்கூட ஆளில்லாத எடத்துக்குத் திரும்பி வந்து என்னா செய்யன்னு, மேடத்துக்கிட்ட சரின்னுட்டேங்க. கையெழுத்துப் போட்டாச்சு.”

பின்னால் எசமானி கூப்பிடும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது. போனை வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடியும் மணியடித்தது. பாய்ந்து எடுத்தேன். பெஞ்சில் இருந்த மேட்டு லயத்துக்காரரைக் கேட்டார்கள். அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.