ஓபலின் முகம்

சிகாகோவில் பத்திரிகை அட்டைகளுக்குக் கவர்ச்சிப் பெண்களை வரைந்து பிழைத்தவள் வெர்னா டிரெக்சல். ஆண்களே கோலோச்சிய அந்தத் தொழிலில் அவள் கைக்குத் தனி மதிப்பு இருந்தது.

1946 கோடையில், அட்டைப்படம் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தைய நாள், மாடல் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். படத்தில் உடம்பு வரைந்து முடிந்திருந்தது, முகம்தான் பாக்கி. அவசரத்தில் வெர்னாவின் தூரிகை தங்கை ஓபலின் முகத்தைப் போட்டது. காற்றில் பாவாடை பறக்க, ஏணியில் நின்று கண்ணடிக்கும் பெண். ஓபலோ ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியை.

அந்த ஊர் முடிதிருத்தும் கடைச் சுவரில் படம் ஏறியது. இரண்டாவது வாரம் பள்ளி நிர்வாகம் ஓபலை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. அவள் ரயிலேறி நேரே அக்காவிடம் வந்தாள்.

"ஏன்க்கா, உனக்கு வேற மூஞ்சியே கிடைக்கலையா?"

"கழுத்துக்குக் கீழ உன்னுது இல்லடி."

"அதை நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வரவா? என்கிட்ட பாடம் படிச்ச பசங்க விசில் அடிக்கிறாங்கக்கா."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுசுக்கும் அவள் நொந்துகொண்டது அந்தச் சிரிப்பைத்தான். ஓபல் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நீ வந்து அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

"அடுத்த வாரம் வரேன்டி."

போகவில்லை. படைமுகாம்களிலிருந்து அந்தப் பெண்ணைக் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன; பத்திரிகை ஆசிரியர் அதே முகத்தை மறுபடியும் கேட்டார். வெர்னா மேலும் நான்கு அட்டைகள் வரைந்தாள். முதல் தடவை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். மற்ற நான்குக்கும் அவளிடம் சாக்கு இல்லை.

ஓபல் தூரத்து ஓரிகன் மாநிலத்துக்குப் போய், மரம் அறுக்கும் ஆலைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். வெர்னாவின் கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.

பதினெட்டு வருடம் கழித்து அந்தக் கணவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓபல் மார்ச் மாதம் இறந்துவிட்டாள். 'கேமரா முன்னால் அவள் நின்றதே இல்லை. சின்ன வயதில் அம்மா எப்படி இருந்தாள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உங்களிடம் ஏதாவது படம் இருக்குமா?'

வெர்னா மூன்று நாள் பென்சிலோடு உட்கார்ந்தாள். எத்தனை முறை அழித்து வரைந்தாலும் தாளில் வந்தவள் அட்டைப்படக்காரிதான். கோபத்தோடு எதிரே நின்ற ஓபலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். கையுறைதான் தெரிந்தது, முகம் வரவில்லை.

கடைசியில் படம் எதுவும் இல்லை என்று எழுதி, தபாலில் சேர்த்தாள்.