டிரெஸ், பாஸ், அத்தை

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் காலண்டர் சீசன் முடிந்தால் கொஞ்ச நாளைக்கு ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாளில்தான் அந்த மேனேஜர் வந்தார். வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த மதுரைக்காரர். கேட்டில் மாட்டுவதற்கு எச்சரிக்கை போர்டுகள் வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதும் பிழை பார்ப்பதும் என் வேலை. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்பதால் இங்கிலீஷ் ஆர்டர் எல்லாம் என் தலையில்தான் விழும்.

"மொத வரி, டிரெஸ்பாஸர்ஸ் வில் பி ப்ராசிக்யூட்டட். ரெண்டாவது வரி, வயலேட்டர்ஸ் வில் பி பனிஷ்டு" என்றார்.

"சார், அனுமதி இல்லாமல் உள்ளே வராதீர்கள்னு தமிழ்லயே போட்டுரலாமே. வேலைக்கு வாரவங்க எல்லாம் நம்ம ஊர்க்காரங்கதான?"

"தமிழ்ல போட்டா யாரும்மா பயப்படுவா? அதோட, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற ஆபீசர் வடக்கத்திக்காரர். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது."

எனக்கென்ன, போட்டேன். உண்மையைச் சொன்னால் ஆசையாகவே போட்டேன். வருஷம் முழுக்க ராகு காலமும் எமகண்டமும் அடித்துச் சலித்த விரல்கள். தப்புச் செய்வதற்கு இங்கிலீஷில்தான் எத்தனை சொற்கள்! அடுத்தவன் எல்லைக்குள் நுழைந்தால் டிரெஸ்பாஸ், விதியை மீறினால் வயலேட், ஒப்பந்தத்தை முறித்தால் பிரீச், அடுத்தவன் உரிமையில் கை வைத்தால் இன்ஃப்ரிஞ்ச். கல்லூரிக்குப் போகும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து இவற்றை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போவேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் இறங்கக்கூடத் துணிச்சல் இல்லாத எனக்கு, அந்தச் சொற்களாவது வாய்த்திருந்தன.

மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. போர்டு கேட்டில் ஏறியது.

அந்த கேட்டில்தான் என் அத்தை நிற்கிறாள். அப்பாவின் தங்கை. வேனில் வந்து இறங்கும் பெண்களைச் சோதித்து உள்ளே விடும் வேலை. செல்போன், தீப்பெட்டி உள்ளே போகக் கூடாது. பாலியஸ்டர், நைலான் துணி உரசினால் பொறி பறக்கும் என்பதால் பருத்தி மட்டும்தான் கட்டிவர வேண்டும். விதியெல்லாம் பழசுதான். ஆனால் அத்தையிடம் சிரித்துப் பேசியே பாதிப்பேர் உள்ளே நழுவிவிடுவார்கள்.

போர்டு மாட்டியபின் இன்னும் சில போர்டுகளுக்கு அளவெடுக்கப் போனேன். அத்தை கையைக் குறுக்கே நீட்டினாள்.

"உள்ள போகக் கூடாது."

"அத்தை, நான்தான்."

"நீதான்னு தெரியுது. போர்டப் பாரு. டிரெஸ், பாஸ். உன் சுடிதார் பாலியஸ்டர். பாஸும் இல்ல. ரெண்டுலயும் பெயிலு."

"அந்த போர்ட அடிச்சதே நான்தான் அத்தை!"

"நீதானா அது? டிரெஸ்ஸுக்கு டாக்டர் டிய விட்டுட்டு டீக்கடை டீயப் போட்டு வச்சிருக்கீக. போனாப் போகுதுன்னு நானும் யார்ட்டயும் சொல்லல."

"அது டிரெஸ் இல்ல. டிரெஸ்பாஸ்னு ஒரே வார்த்தை. அனுமதி இல்லாம உள்ள நுழையிறதுன்னு அர்த்தம்."

"அதத்தான நானும் சொல்றேன். பாஸ் இல்லாம நுழையாத."

டேப்பை வாங்கி அத்தையே அளவெடுத்துச் சொல்ல, கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்துக் கிளம்பியது வயலட் பிரச்சினை. வேனில் வரும் யாரோ இரண்டாவது வரியை எழுத்துக் கூட்டிப் படித்து, வயலட் கலர் சேலை கட்டினால் தண்டனை என்று சொல்லிவிட்டார்கள். பட்டாசு மருந்துக்கு அந்த நிறம் ஆகாது என்று காரணமும் வந்து சேர்ந்துகொண்டது. அத்தை போன் போட்டாள்.

"ஏ பிள்ள, கத்தரிப்பூ கலரும் அதுல சேருமா?"

"எந்தக் கலரும் சேராது அத்தை. விதிய மீறுறவங்கன்னு அர்த்தம்."

"சரி, அப்ப கத்தரிப்பூவ விட்டுரலாங்கிற." போனை வைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்‌ஷன் நாளன்று காலையில் மிச்ச போர்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அத்தைக்குப் பயந்து பருத்திச் சேலை. முதல் நாளே பாஸுக்கும் சொல்லி வைத்திருந்தேன். நான் கேட்டைத் தாண்டி நிற்கும்போது மேனேஜர் பைக்கில் வந்து இறங்கினார். ஆபீசருக்காகவே வாங்கியதுபோல் பளபளவென்று ஒரு நீலப் பாலியஸ்டர் சட்டை.

"சார், நில்லுங்க" என்றாள் அத்தை.

"ஏம்மா, நான் மேனேஜர்."

"தெரியும் சார். பாஸ் கழுத்துல தொங்குது. டிரெஸ்தான் சரியில்ல."

வேனில் வந்த பெண்கள் உள்ளே போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேனேஜர் என்னை முறைத்தார். "இதெல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததா?"

"இல்ல சார், போர்டுல இருக்குதாம்" என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"அம்மா, டிரெஸ்பாஸர்ஸ்னா என்ன அர்த்தம்னா..."

"நீங்க அர்த்தம் சொல்லி முடிக்கதுக்குள்ள சட்டைய மாத்திரலாம் சார். ஆபீசர் வந்துருவாரு."

வாட்ச்மேனின் பருத்திக் காக்கிச் சட்டை ஒன்று செக்யூரிட்டி அறைக்குள் தொங்கியது. வாட்ச்மேன் நல்ல பருமன், மேனேஜர் ஒல்லி. சட்டைக்குள் அவரைத் தேட வேண்டியிருந்தது. கையை மடித்துக்கொண்டே அவர் வெளியே வரவும் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஆபீசர் இறங்கினார். அத்தை அவருக்கும் கையை நீட்டினாள். மேனேஜர் கை மடிப்பதை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"டிரெஸ்" என்றாள் அத்தை, மேலிருந்து கீழே பார்த்து. பருத்திச் சட்டைதான். "ஓகே. பாஸ்?"

ஆபீசர் முகம் மலர்ந்துபோனது. இந்தப் பக்கம் வந்த நாளாக யாரும் அவருக்குப் புரிகிறமாதிரி பேசவில்லை போலிருக்கிறது. "எஸ், எஸ்" என்று அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அத்தை படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "போலாம்."

உள்ளே நடந்துகொண்டே ஆபீசர் மேனேஜரின் தோளைத் தட்டி, இவ்வளவு கண்டிப்பான கேட்டை நான் பார்த்ததில்லை, எப்படிப் பழக்கினீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். காக்கிச் சட்டைக்குள்ளிருந்து மேனேஜர் "டிரெயினிங், சார்" என்றார். நான் ஒரு போர்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே மேனேஜர் அச்சகத்துக்கு வந்து, பருத்தி உடையும் அனுமதிச் சீட்டும் அவசியம் என்று தமிழில் பெரிய போர்டு ஒன்று கேட்டார். பழைய இங்கிலீஷ் போர்டை எடுத்துவிடலாமா என்றேன்.

"இருக்கட்டும்மா. அந்தம்மா வருத்தப்படுவாங்க."

அத்தைக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. பக்கத்து வீட்டு ஆடு முருங்கையில் வாய் வைத்தால் "ஏய், டிரெஸ்பாஸ்!" என்று கத்துகிறாள். ஆடு ஓடியே விடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டு விருந்துக்கு வந்த அவள் மருமகன், இலை போடுவதற்கு முன்பே அடுப்படிக்குள் போய்க் கறிச்சட்டியைத் திறந்துவிட்டார்.

"மாப்பிள்ள, டிரெஸ்பாஸ் பண்ணாதீக" என்றாள் அத்தை.

அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, குனிந்து தன் லுங்கியைப் பார்த்துக்கொண்டார்.