ரேஷன் கார்டில் பெயர் இருந்ததால்

சிங்கப்பூரிலிருந்து லீவில் கும்மிடிப்பூண்டிக்கு வந்தவன், வருமான வரிக் கணக்கை நானே செல்போனில் நிரப்பினேன். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதே என்று 'இந்தியாவில் வசிப்பவர்' என்று போட்டேன். சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கும் சேர்த்து வரி காட்டியது. வீடு கட்டச் சேர்த்த காசெல்லாம் போய்விடும்!

"இன்னாத்துக்கு ஆடிட்டரு? நம்ம ஊட்லயே படிச்சவன் நீதான்" என்றார் அப்பா. கேட்காமல் திருவள்ளூருக்கு ஓடினேன்.

ஆடிட்டரம்மா ஒன்றுதான் கேட்டார். "போன வருஷம் இங்க எத்தினி நாள் இருந்தே தம்பி?"

"இருபது நாள் மேடம்."

"அப்புறம் இன்னா? ரேஷன் கார்டா போய் சம்பாதிச்சுது? நாள் கணக்குப்படி நீ வெளிநாட்டுல இருக்கறவன். அந்தச் சம்பளத்துக்கு இங்க வரியே இல்ல."

துள்ளிக் குதித்தேன். ஃபீஸைக் கொடுத்துவிட்டு, படியிறங்கும்போதே சிங்கப்பூர் அறைத் தோழனுக்குப் போன் போட்டேன். நான் சொல்லிக்கொடுத்தபடிதான் அவனும் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், அனுப்பிடாதே! மொதல்ல ஒரு ஆடிட்டரப் புடி!"